பானை பிடித்த கைகள்

அந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு அருங்காட்சியகத்தின் வாசற்படியில்தான் விழ வேண்டும். அரசர்கள் ஆண்டு, அடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாகப் போய்ச் சேர்ந்த ஊர் அது. அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களை வைக்க இடம் போதவில்லை. அரண்மனை, குதிரை லாயம், சிறைச்சாலை, தானியக் கிடங்கு என்று கைக்குக் கிடைத்த கட்டடத்திலெல்லாம் கண்ணாடிப் பெட்டி போட்டுப் பூட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் கழுத்தில் கேமராவும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக வந்து, வெயிலில் வெந்து, பார்த்துவிட்டுப் போவார்கள். உள்ளூர்க்காரர்கள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வீட்டு வாசலில் நிற்கும் மரத்தை யார் அண்ணாந்து பார்க்கிறார்கள்?

பெட்டியம்மா பார்ப்பாள். ஊரிலிருக்கும் எல்லா அருங்காட்சியகத்தையும், ஒன்று விடாமல்.

ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள விடுதியின் சலவை அறையில் அவளுக்கு வேலை. விடிந்தது முதல் பொழுது சாயும் வரை கையில் இஸ்திரிப் பெட்டிதான் இருக்கும். அதனால் பெட்டியம்மா. வெளியூர்க்காரர்களின் சட்டைகளைத் தேய்த்துத் தேய்த்து, "இந்தச் சட்டையெல்லாம் போய்ப் பாக்குது, நான் மட்டும் பாக்காம சாகணுமா?" என்று ஒருநாள் தோன்றியது. வாரத்தில் ஒருநாள் எல்லா அருங்காட்சியகத்திலும் சீட்டு வாங்காமல் உள்ளே விடுவார்கள். விடுதி மேலாளரிடம் சண்டை போட்டு அந்த நாளையே தன் விடுமுறை நாளாக மாற்றிக்கொண்டாள்.

பார்த்தவற்றைப் பற்றியெல்லாம் அவளுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு, யாரும் கேட்காவிட்டாலும் சொல்வாள். ஆயுதக் கூடத்தில் வாள்களைப் பார்த்துவிட்டு, "இத்தனை கத்தி வச்சிருந்தாங்களே, ஒண்ணுலயாவது காய் நறுக்கின கறை இருக்கா பாருங்க" என்றாள். அரசரின் கட்டில் அவளுக்குக் குட்டையாகப் பட்டது. "நாட்டையே நீட்டி நீட்டிப் பிடிச்சாரு, பாவம், காலை நீட்ட முடியலை" என்றாள். ராணியின் பட்டு அங்கியைப் பார்க்கப் போன அன்று மட்டும் வெகுநேரம் நகரவில்லை. உள்மடிப்பில், குனிந்து தேடினால்தான் தெரியும் இடத்தில், பெட்டி வைத்த சூட்டில் பழுப்பாகத் தீய்ந்த ஒரு முக்கோணம் இருந்தது. எவளோ ஒருத்தி தீய்த்துவிட்டு, அந்தப் பக்கம் உள்ளே போகும்படி மடித்துக் கொடுத்திருக்கிறாள். பெட்டியம்மா அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகம் தெரியாத அந்த ஒருத்திக்குத் தலையசைத்துவிட்டு வந்தாள்.

எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து உட்காரும் இடம் ஒன்றுதான். தானியக் கிடங்கில் இருக்கும் பழந்தொழில் கூடம். அங்கே கொல்லர், தச்சர், நெசவாளர் என்று ஆளுயரச் சாந்துப் பொம்மைகள் வேலை செய்துகொண்டே அசையாமல் இருக்கும். நடுவில், சக்கரத்தின் முன் குந்தி உட்கார்ந்து பானை வனைகிற பொம்மை. அதற்கு எதிரே ஒரு மரப் பெஞ்சு. பெட்டியம்மா அதில் உட்கார்ந்து, புதினா மிட்டாய் ஒன்றை வாயில் அடக்கிக்கொண்டு, கூட்டம் வருவதையும் போவதையும் பார்ப்பாள்.

வழிகாட்டி கூட்டத்தை அழைத்து வருவார். "இந்தக் கைகளைக் கவனியுங்கள். உழைத்து உரமேறிய ஆண்மகனின் கைகள். இப்படிப்பட்ட கைகளை இன்று பார்க்க முடியாது" என்பார். கூட்டம் 'உச்' கொட்டும்.

பெட்டியம்மா மடியில் கிடக்கும் தன் கைகளைக் குனிந்து பார்ப்பாள். அந்தப் பொம்மையின் கைகள் அவளுடையவை.

முகம் அவளுடைய வீட்டுக்காரருடையது. கை அவளுடையது. இந்த விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர். அதில் பொம்மை செய்தவர் காலமாகிவிட்டார். மிச்சம் இருப்பவர்கள் புருஷனும் பெண்டாட்டியும். ஒருவர் சொல்ல மாட்டார். இன்னொருத்தி, அவர் வாயால்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தாள்.

கதை இப்படி. அந்தத் தானியக் கிடங்கை அருங்காட்சியகமாக்க இடித்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், கட்டட மேஸ்திரி அவளுடைய அப்பா. அவள் செங்கல் சுமந்தாள். சின்ன வயதில் ஒரு கல் விழுந்து நசுங்கியதில் இடது சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்து போயிருந்தது. உள்ளே பொம்மைக்காரர் பானை வனைபவருக்கு முகம் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். எதிர்ச் சாரி சலூனில் முடிவெட்டப் போனவர், கண்ணாடியில் தெரிந்த சலூன்காரரின் முகத்தைப் பார்த்து, பாதி வெட்டிய தலையோடு அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். எடுப்பான மூக்கு, பென்சிலால் கோடு போட்டது போல மீசை. மீசையை மட்டும் எடுத்துவிடலாம் என்றாராம் பொம்மைக்காரர்.

"தலையை வேணா எடுத்துக்கங்க சார். மீசையை விட மாட்டேன்" என்றாராம் சலூன்காரர்.

மீசையோடு முகத்தை அச்செடுத்தாகிவிட்டது. பிறகு கையைப் பார்த்தார். சீப்பும் கத்திரியும் பிடிக்கிற, பவுடர் மணக்கிற, மெல்லிய கை. "இந்தக் கை மண்ணைத் தொட்டா மண்ணு சிரிக்கும்யா" என்று சொல்லிவிட்டு முற்றத்துக்கு வந்தார் பொம்மைக்காரர். அங்கே பெண்கள் வரிசையாகக் கல் சுமந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி தனியாளாக இரண்டு ஆள் பாரம் தூக்குவாள். இன்னொருத்தியின் கையைப் பார்த்தால் ஆண்களே ஒதுங்குவார்கள். அவர்களையெல்லாம் விட்டுவிட்டு, வரிசையின் கடைசியில் நின்றவளிடம் நேராக வந்தார் மனிதர். "கொஞ்ச நேரம் உன் கையைக் குடும்மா" என்றார். ஏன் தன்னை என்பது அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இரண்டு கையிலும் எண்ணெய் தடவி, ஒரு பானையின் வாயைப் பிடிக்கச் சொல்லி, மேலே சாந்தைக் கரைத்து ஊற்றினார் பொம்மைக்காரர். முதலில் சில்லென்று இருந்தது, பிறகு வெதுவெதுத்தது, பிறகு உள்ளே கை இருக்கிறதா என்றே தெரியாமல் இறுகிக்கொண்டது. அப்போது பார்த்துத்தானா மூக்கு அரிக்க வேண்டும்? பல்லைக் கடித்தாள், முகத்தைச் சுளித்தாள். எதிரே முக்காலியில், புருவத்தில் ஒட்டிய சாந்தைச் சுரண்டியபடி உட்கார்ந்திருந்த சலூன்காரர் எழுந்து வந்தார்.

"அரிக்குதா?"

தலையை ஆட்டினாள்.

"இங்கயா? இன்னும் மேலயா?"

"கீழ" என்றாள்.

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நடந்த கல்யாணம், மகள், ஊரின் மறுகோடிக்குக் கடையை மாற்றி முன்னால் சலூனும் திரைச்சீலைக்குப் பின்னால் வீடுமாக ஓடிய குடித்தனம், எல்லாமே அந்த மூக்கு பண்ணிய வேலை.

கையைக் கொடுத்த விஷயத்தை அன்றைக்கு வெளியே சொல்ல வழியில்லை. யாரோ ஒரு ஆம்பளை எண்ணெய் தடவ மகள் கையை நீட்டினாள் என்று மேஸ்திரி காதுக்குப் போனால் தோலை உரித்துவிடுவார். பொம்மைக்காரர் சலூன்காரரின் பெயரை மட்டும் குறித்துவிட்டுப் போனார். அப்பா போன பிறகு சொல்லியிருக்கலாம். அதற்குள் சலூனில் கதை வளர்ந்து காடாகிவிட்டது.

"மூச்சு விடாம உக்காந்திருந்தேன். மரம்னு நினைச்சு ஒரு புறா வந்து தலையில உக்காந்துச்சு. உக்காந்தது சும்மா போச்சா? ரெண்டு முட்டை போட்டுட்டுப் போச்சு."

"அப்புறம் முட்டை என்னண்ணே ஆச்சு?"

"பொம்மைக்காரர் ஆம்லெட் போட்டுச் சாப்பிட்டார்."

திரைக்கு இந்தப் பக்கம் பெட்டியம்மாவுக்கும் சிரிப்பு வரும். பொய் சொன்னாலும் மனிதர் ரசித்துச் சொல்வார். ஒருநாள் யாரோ ஒரு வாடிக்கைக்காரர், "கையும் உங்களுதுதானாண்ணே?" என்று கேட்டார். கத்திரிச் சத்தம் நின்றது. திரைக்குப் பின்னால் அவளும் கரண்டியை நிறுத்தினாள்.

"பின்னே?" என்றார் சலூன்காரர். "தலைக்கு ஒரு ஆளு, கைக்கு ஒரு ஆளுன்னா அது பொம்மையா, கூட்டுறவுச் சங்கமா?"

சலூன் முழுக்கச் சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபின் கரண்டி மட்டும் பாத்திரத்தில் கொஞ்சம் பலமாகவே மோதியது.

அவள் சண்டை பிடிக்கவில்லை. பொம்மைக்கு யார் பெயர் வந்தால் என்ன, சோறா போடப் போகிறது என்று விட்டுவிட்டாள். ஆனால் மகள் சின்னவளாக இருந்தபோது ஒருமுறை அப்பாவின் கையைத் தூக்கிப் பொம்மையின் கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அப்பா, அப்ப உன் கை எவ்ளோ பெருசா இருந்திருக்கு. இப்ப சின்னதாயிடுச்சு" என்றாள். சலூன்காரர் மகளின் தலையைத் தடவிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். பெட்டியம்மா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகள் திரும்பி, "அம்மா நீயும் வந்து பாரேன், அப்பா கை" என்றாள். அன்றைக்கு உள்ளே தைத்த முள் அப்படியே இருந்துவிட்டது. பலகையில் பெயர் வேண்டாம், பத்திரிகையில் படம் வேண்டாம். ஒரே ஒரு தடவை, அவர் வாயால், நாலு பேர் கேட்க, "அது அவ கை" என்று ஒரு வார்த்தை. அது போதும். கேட்டு வாங்கினால் அதற்கு மதிப்பில்லை என்பதால் கேட்கவும் இல்லை.

மகளுக்குக் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனாள். சலூன்காரரின் மீசை வெளுத்தது. பொம்மையின் மீசை கறுப்பாகவே இருந்தது. அதைப் பார்த்து அவருக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

அப்போதுதான் பழந்தொழில் கூடத்துக்குப் புதிய காப்பாட்சியர் வந்தார். இளம் பெண். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். கூடத்தையே புதுப்பிக்கப் போகிறோம் என்றார். அந்தக் காலத்து முகம் எப்படி இருந்தது என்று யாருக்கும் தெரியாது, பென்சில் மீசை நிச்சயமாக இல்லை. எனவே பொம்மைகளின் உடம்பும் முகமும் போகும். ஆனால் கைகள் கருவியைப் பிடித்திருக்கும் விதம் சரியாக இருக்கிறது, அவற்றை மட்டும் எடுத்து வேலை நடக்கும் முறையைக் காட்டலாம் என்று முடிவானது.

சலூன்காரரைக் கூப்பிட்டு விட்டார்கள். மாலை போடப் போகிறார்கள் என்று நினைத்துப் போனவர் மடியில் துணிப்பையோடு பேருந்தில் திரும்பினார். பைக்குள் அவர் தலை இருந்தது. வாய்ப்பக்கம் மீசை எட்டிப் பார்த்ததைக் கண்ட நடத்துநர், "தலைக்கு ஒரு டிக்கெட்டுங்க. உங்களுக்கு ரெண்டு" என்றாராம்.

"தலையை வேணா எடுத்துக்கங்கன்னு வாய் விட்டீங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் பெட்டியம்மா.

அவர் பையிலிருந்து தலையை எடுத்துச் சலூன் அலமாரியில், கண்ணாடிக்கு மேலே, பவுடர் டப்பாக்களுக்கு நடுவே வைத்தார். நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அவளுக்கே பாவமாக இருந்தது. இந்தத் தலை போனதில் ஒரு நன்மை உண்டு, இனி கையைப் பற்றிப் பெருமையடிக்க முடியாது என்றும் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டாள்.

எங்கே? ஐந்தாம் நாள் திரைக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

"முகம் யாருக்கு வேணும்ப்பா? கைதான் தொழிலு. உங்க கையை மட்டும் குடுத்துட்டுப் போங்கன்னு அந்த மேடம் கெஞ்சாத குறை. சரி, வச்சுக்கங்கன்னு விட்டுட்டு வந்துட்டேன்."

மறுநாள் முதல் பெட்டியம்மா அவருடைய சட்டையைத் தேய்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். ஊரார் சட்டையெல்லாம் கத்தி போல மடிப்போடு போக, சலூன்காரர் மட்டும் கசக்கிப் போட்ட காகிதம் போல நின்றார்.

"என்னம்மா, பெட்டி ரிப்பேரா?"

"பெட்டி நல்லாத்தான் இருக்கு. கைதான் யாருதுன்னு தெரியலை."

அவருக்குப் புரிந்தது. புரியாத மாதிரி அன்றைய பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அருங்காட்சியகத்திலிருந்து தொலைபேசி வந்தது. உடம்பிலிருந்து கையை அறுத்து எடுக்கும்போது பணியாளர்கள் கைதவறிக் கீழே போட்டுவிட்டார்களாம். இரண்டு கையிலும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தூள். நல்ல வேளை, மாதிரிக்கு உட்கார்ந்தவர் இன்னும் இருக்கிறார். அந்த விரல்களை மட்டும் மறுபடி அச்செடுத்து ஒட்டிவிடலாம். சார் ஒரு நடை வந்து கையைக் கொடுத்துவிட்டுப் போக முடியுமா?

"அதுக்கென்ன மேடம், வந்தாப் போச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் மனிதர் யோசித்தார். தொலைபேசியை வைத்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நானும் வரேன்" என்றாள் பெட்டியம்மா.

"உனக்கென்ன வேலை அங்க?"

"இன்னிக்கு என் நாளு. பெஞ்சில உக்காருவேன்."

பேருந்தில் அவர் தன் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். தானே சொல்லிவிடலாமா என்று ஒரு தரம் தோன்றியது. சொன்னால் காரியம் முடிந்துவிடும். ஆனால் அது அவள் வாயால் வந்ததாக இருக்கும். சொல்லாவிட்டாலோ, அவளுடைய கையில் அவருடைய விரல் ஒட்டிக்கொள்ளும், ஊர் உள்ள வரை. எது பெரிய நஷ்டம் என்று அவளுக்குத் தீர்மானமாகவில்லை.

கூடம் காலியாகக் கிடந்தது. மேசைமேல் வெள்ளைத் துணியில் அந்த இரண்டு கைகள். காப்பாட்சியர் தலையில் இருந்த கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு, சலூன்காரரின் கையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"உங்க விரல் ஒல்லியா இருக்கே சார்?"

"வயசாச்சில்ல மேடம். உடம்பு வத்திப் போச்சு."

"எலும்புமா வத்தும்?"

"கவலை மேடம்."

"இதுல சுண்டுவிரல் வளைஞ்சிருக்கு. உங்களுது நேரா இருக்கே."

"கத்திரி பிடிச்சுப் பிடிச்சு நிமிர்ந்துடுச்சு மேடம். தொழில் அப்படி."

பெஞ்சில் இருந்த பெட்டியம்மா இடது கையைப் பைக்கு அடியில் தள்ளிக்கொண்டாள். காப்பாட்சியர் நெற்றியைச் சுருக்கினார். வேறு ஆள் இருப்பதாக அவருக்குத் தோன்றக் காரணமே இல்லை. சரி என்று தலையசைத்தார்.

இப்போதெல்லாம் சாந்தை நேராகக் கையில் ஊற்றுவதில்லை. அச்செடுக்கும் இளைஞர் ஒரு வாளியில், பல் மருத்துவர் பல் அச்செடுக்க வைப்பாரே, அந்த ரோஸ் நிறப் பசையைக் கரைத்தார். பானை வாய் அளவுக்கு ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, சலூன்காரரின் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை வாளிக்குள் அமுக்கினார்.

"கெட்டியாகிற வரைக்கும் ஆடாதீங்க சார். ஆடினா எல்லாம் வேஸ்ட்."

சலூன்காரர் ஆடாமல் உட்கார்ந்தார். கூடத்தில் மின்விசிறி இல்லை. வெளுத்த மீசையில் வேர்வை துளிர்த்தது. எங்கிருந்தோ ஒரு ஈ வந்தது. நெற்றியில் உட்கார்ந்து யோசித்துவிட்டு, மூக்கின் மேல் நடந்து, நுனிக்கு வந்து நின்று, பறந்து போனது. போன பிறகு அல்லவா வேலையைக் காட்டியது. அவர் மூக்கை விடைத்தார். மேலுதட்டைத் தூக்கி மீசையால் தேய்க்கப் பார்த்தார்.

"ஆடாதீங்க சார்."

அவர் கண் மெல்லப் பெஞ்சுப் பக்கம் போனது. "இந்தாம்மா."

பெட்டியம்மா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தாம்மா, மூக்கு."

"மூக்குக்கு என்ன?"

"அரிக்குது."

அவள் அவசரப்படவில்லை. புதினா மிட்டாய்த் தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டு எழுந்து வந்தாள். குனிந்து, சுண்டுவிரலை அவர் மூக்குக்கு ஒரு நூல் தள்ளி நிறுத்தினாள்.

"இங்கயா?"

"ஆமா."

"இன்னும் மேலயா?"

"கீழ... சீக்கிரம்."

"யார் கைன்னு சொல்லுங்க. சொறியறேன்."

"இப்பப் போயா?"

"இப்பதான்."

"வீட்டுல போய்ப் பேசிக்கலாம்மா."

"வீட்டுல மூக்கு அரிக்காது."

இவ்வளவும் காதோடு காதாக நடந்தது. ஏதோ உடம்புக்கு முடியவில்லை போல என்று காப்பாட்சியர் நாற்காலியை நகர்த்தி வந்தார். சலூன்காரர் அதைப் பார்க்கவில்லை. மூக்குக்கு முன்னால் நின்ற சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளிப்பக்கமாக வளைந்த விரல். நகத்தோரம் பெட்டிச் சூட்டில் கறுத்த தழும்பு. எத்தனையோ வருஷம் பக்கத்திலேயே இருந்த விரலை அவ்வளவு கிட்டத்தில் வைத்து அவர் பார்த்ததில்லை. மூக்குக்காகச் சொன்னாரா, அந்த விரலுக்காகச் சொன்னாரா என்று பிற்பாடு பெட்டியம்மா பலமுறை யோசித்ததுண்டு. ஏனென்றால் அவர் கையை வாளியிலிருந்து உருவிய பிறகும் மூக்கைத் தொடவில்லை.

"மேடம், அது என் கை இல்ல."

"என்ன சார்?"

"பொம்மைக்குக் குடுத்தது. முகம் மட்டும்தான் நான். கை இவளுது. ஆரம்பத்துலேருந்தே இவளுதுதான். நான்தான்..." என்று இழுத்தார். பசை கொழகொழவென்று பிய்ந்து மணிக்கட்டிலிருந்து தொங்கியது. அச்செடுக்கும் இளைஞர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

காப்பாட்சியர் பெட்டியம்மாவின் இடது கையை எடுத்து, மேசைமேல் இருந்த கைக்குப் பக்கத்தில் வைத்தார். இரண்டு சுண்டுவிரலும் ஒரே பக்கம் பார்த்தன.

"ஏம்மா, இத்தனை நாளா நீங்க ஏன் சொல்லலை?"

"கேட்டவங்க எல்லாம் இவரையே கேட்டாங்க மேடம்."

சொல்லிக்கொண்டே அவள் சலூன்காரரின் மூக்கைச் சொறிந்துவிட்டாள். பேச்சு என்றால் பேச்சு.

பிறகு அவளுக்கே ஒரு தயக்கம் வந்தது. "இப்ப விரல் முட்டியெல்லாம் வீங்கிக் கிடக்கு மேடம். பழைய கையோட ஒட்டுமா?"

"ஒட்டும். ஆனா நாலு விரல் மட்டும் வயசானதா தெரியும். பாக்கறவங்க கேப்பாங்க."

"தெரியட்டுமே. பானை செய்யறவன் ஒருநாள் செஞ்சுட்டு நிறுத்திட்டானா? அவனுக்கும்தான் வயசாகியிருக்கும்."

காப்பாட்சியர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி அந்தக் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அட்டையில பேரை மாத்தி எழுதிடறேம்மா" என்றார்.

"அட்டை கிடக்கட்டும் மேடம். அதை யாரு படிக்கறா? இவரு சலூன்ல சொல்லட்டும். அங்கதான் கூட்டம்."

மறுபடி பசை கரைத்தார்கள். இம்முறை வாளிக்குள் போன இரண்டு கையும் அவளுடையவை. சில்லென்று இருந்தது. சலூன்காரர் முக்காலியை இழுத்துப் போட்டு, நகத்தில் ஒட்டிய ரோஸ் பசையோடு எதிரே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் போனது.

"அரிக்குதா?"

"இல்ல."

இன்னும் கொஞ்ச நேரம் போனது.

"கொஞ்சம்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவருடைய சட்டையை மேசையில் விரித்துப் பெட்டியைச் சூடாக்கினாள். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. தபால்காரர் முகம் மழிக்க வந்திருந்தார். அலமாரியில் இருந்த தலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கை என்னண்ணே ஆச்சு? ஒட்டிட்டாங்களா?"

பெட்டியம்மா பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கை என்னுது இல்லப்பா" என்றது சலூன்காரரின் குரல். "எங்க வீட்டம்மாவோடது. தலை நான், கை அவ."

தபால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அண்ணே, புறா முட்டையைக்கூட நம்பிட்டேன். இதை நம்ப மாட்டேன்."

"நெஜம்ப்பா."

"சரி சரி, ஆம்லெட் யாரு போட்டது?"

இத்தனை வருஷம் காத்திருந்து வந்த வார்த்தையை, வந்த அன்றே ஒருத்தன் சிரித்துத் தள்ளுகிறானே என்று பெட்டியம்மாவுக்கு ஆத்திரம் வரவில்லை. சிரிப்புதான் வந்தது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத் திரையை விலக்கி இடது கையை மட்டும் வெளியே நீட்டினாள். தபால்காரர் சோப்பு நுரையோடு வாய் பிளந்தார். அருங்காட்சியகத்துக்குக் கடிதம் கொண்டுபோகும் ஆள், அந்தச் சுண்டுவிரலை அவருக்குத் தெரியாதா?

"அடேயப்பா" என்றார். "ஏண்ணே, அங்க அத்தனை பொம்பளைங்க வேலை செஞ்சாங்களே, அக்கா கையை எப்படிப் பிடிச்சார் அந்தப் பொம்மைக்காரர்?"

"அவரு எங்க பிடிச்சாரு?" கத்தியைத் தோல் வாரில் தீட்டியபடி சலூன்காரர் சொன்னார். "வெளிய வந்து திருதிருன்னு முழிச்சுக்கிட்டு நின்னாரு. நான்தான் பின்னாடி நின்னு காமிச்சேன். அதோ, கடைசியில நிக்குதே, சுண்டுவிரல் வளைஞ்ச பொண்ணு, அந்தக் கையை எடுங்கன்னு. அதுக்கு முன்னாடி எத்தனை நாளு சலூன் ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டிருந்தேன் தெரியுமா?"

நீட்டிய கையை உள்ளே இழுக்க மறந்து நின்றாள் பெட்டியம்மா. இது புறா முட்டையா, நெஜமா? புருஷன் பொய் சொல்லும்போது குரல் எங்கே ஏறும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது அது ஏறவும் இல்லை, நிற்கவும் இல்லை. திரையை முழுக்க விலக்கிக்கொண்டு சலூனுக்குள் வந்தாள்.

"என்னங்க, இது நெஜமா?"

சலூன்காரர் திரும்பவில்லை. தபால்காரரின் தாடையில் வைத்த கத்தியை எடுத்துவிட்டார்.

"ஆடாதப்பா" என்றார்.

தபால்காரர் ஆடவே இல்லை.